‘ரேடியேஷன் புண்ணுதான், ஆறிடும்’ என்று விட்டுவிடலாமா? மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் கொப்புள நோய்

அறுவை சிகிச்சை முடிந்தது. கீமோ முடிந்தது. மூன்று வாரம் தினமும் போய் வந்த ரேடியேஷனும் முடிந்தது. சிவந்திருந்த தோல் கறுத்து, உரிந்து, ஆறியும் விட்டது. வீட்டில் எல்லோரும் ‘அப்பாடா’ என்று இருக்கும் நேரத்தில், நாலைந்து மாதம் கழித்து அதே மார்பில் அரிப்பு தொடங்குகிறது. அடுத்த சில நாட்களில் நீர் கோத்த கொப்புளங்கள்.

இப்படி ஒன்று வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? “ரேடியேஷன் சூடு, இப்பதான் வெளிய வருது” என்பார் ஒருவர். “ஒரு பக்கமா மட்டும் இருக்கே, அக்கிதான்” என்று இன்னொருவர், காவிக்கல் குழைத்து அக்கி எழுதுபவரிடம் கூட்டிப்போகச் சொல்வார். “அம்மை மாதிரி தெரியுது, மருந்து எதுவும் போடாதீங்க” என்று வேப்பிலையோடு வருவார் மூன்றாமவர். நோயாளியின் மனதில் ஓடுவது வேறு: ‘கேன்சர் திரும்ப வந்துடுச்சோ?’

இந்த நான்கும் இல்லாமல் ஐந்தாவதாக ஒன்று இருக்கலாம். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே சொந்தத் தோலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் கொப்புள நோய். அரிதானதுதான். ஆனால் சரியாகக் கண்டுபிடித்தால் கட்டுப்படுத்தக்கூடியது. பிரச்சினை என்னவென்றால், ‘ரேடியேஷன் புண்’ என்ற ஒரே பெயருக்குள் இதையும் போட்டு மூடிவிடுகிறோம்.

வழக்கமான ரேடியேஷன் புண் எப்படி இருக்கும்?

முதலில் இதைத் தெரிந்துகொள்வோம். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தோலில் ஏதோ ஒரு மாற்றம் வரும். இன்று பரவலாகப் பின்பற்றப்படும் முறை 15 நாட்களில், மொத்தம் 40 கிரே அளவு கதிர்வீச்சு. 5 நாட்களில் 26 கிரே கொடுத்து முடிக்கும் முறையும் வந்துவிட்டது. பழைய முறை 25 நாட்களில் 50 கிரே. எந்த முறையானாலும் கதிர் தோலைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும்.

பழைய, நீண்ட முறைகளில் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தோல் சிவக்கும், எரியும். அக்குள், மார்பின் அடிமடிப்பு போன்ற வியர்க்கும் இடங்களில் உரிந்து ஈரமாகும், சில நேரம் கொப்பளிக்கும். சிகிச்சை முடிந்து ஓரிரு வாரத்தில் உச்சத்துக்குப் போய், அதன் பிறகு படிப்படியாக ஆறத் தொடங்கும். கதிர் பட்ட கட்டத்தைத் தாண்டி அது போகாது. பென்சிலால் கோடு போட்டதுபோல எல்லை தெரியும்.

ஆக, வழக்கமான புண்ணுக்கு ஒரு காலக்கணக்கும் ஓர் எல்லையும் உண்டு. இந்த இரண்டில் ஒன்றை மீறினாலே கேள்வி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அப்படியானால் இந்தக் கொப்புள நோய் என்ன?

நம் தோலை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தோலின் செல்கள்தான் செங்கற்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து இருக்கிறது. மொத்தச் சுவரையும் அடித்தளத்தோடு பிடித்து வைக்கத் தனியாக ஆணிகள் இருக்கின்றன. இந்தச் சாந்தும் ஆணிகளும் புரதங்களால் ஆனவை.

‘புல்லஸ் பெம்பிகாய்டு’ என்ற நோயில், ஆணிகளாக இருக்கும் பிபி180, பிபி230 ஆகிய புரதங்களை எதிரி என்று நினைத்து உடல் ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. ஆணி விட்டுப்போனால் சுவர் முழுசாக அடித்தளத்திலிருந்து தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் நீர் சேரும். மேலே இருப்பது முழுத் தடிமன் கொண்ட தோல் என்பதால் கொப்புளம் விறைப்பாக இருக்கும், சட்டென்று உடையாது. கொப்புளம் வருவதற்கு முன்பே தாங்க முடியாத அரிப்பும் தடிப்பும் வரலாம். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் நோய் இது.

‘பெம்பிகஸ்’ என்பது இதன் உறவுக்கார நோய். இதில் தாக்கப்படுவது சாந்து, அதாவது டெஸ்மோக்ளீன் என்ற புரதங்கள். செங்கற்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோவதால் கொப்புளத்தின் கூரை மெல்லியது. தொளதொளவென்று இருக்கும், கை பட்டாலே உடைந்து பச்சைப் புண்ணாகும். பலருக்கு வாய்க்குள் ஆறாத புண்ணாகத்தான் முதலில் தலைகாட்டும். இந்தியாவில் பெம்பிகாய்டைவிட பெம்பிகஸ்தான் அதிகம். அதுவும் நடுத்தர வயதினருக்கும் வருகிறது.

இரண்டு பெயர்களுக்கும் மூலம் ‘கொப்புளம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நீண்ட காலம் இரண்டும் ஒரே நோய் என்றே கருதப்பட்டன. 1953-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் வால்டர் லீவர்தான் இரண்டும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார்.

கதிர்வீச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கதிர்வீச்சுக்குப் பிறகு பெம்பிகாய்டு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவான நோயாளிகளில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள். மொத்தமாகப் பதிவானவர்களே சில பத்துப் பேர்தான். பெம்பிகஸும் இப்படிப் பதிவாகியிருக்கிறது. சிலருக்குச் சிகிச்சை நடக்கும்போதே தொடங்கியிருக்கிறது. பலருக்கு முடிந்த சில வாரங்களில், மாதங்களில். ஆண்டுகள் கழித்து வந்தவர்களும் உண்டு.

ஏன் இப்படி? உறுதியான ஒற்றை விடை இன்னும் இல்லை. மருத்துவர்கள் சொல்லும் விளக்கங்கள் இவை:

* கதிர்வீச்சு அந்த ‘ஆணி’ இருக்கும் அடுக்கைச் சேதப்படுத்துகிறது. இதுவரை மறைந்திருந்த புரதங்களின் பாகங்கள் வெளியே தெரிகின்றன. காவலுக்கு நிற்கும் நோய் எதிர்ப்பு மண்டலம், முன்பின் பார்க்காத முகம் என்று நினைத்து அவற்றைத் தாக்குகிறது.
* சிலருக்கு இந்த ஆன்டிபாடிகள் ரத்தத்தில் ஏற்கெனவே குறைந்த அளவில் சுற்றிக்கொண்டிருக்கலாம். நல்ல தோலில் அவற்றுக்கு வேலையில்லை. கதிர் பட்டு இளகிய இடம் கிடைத்ததும் அங்கே போய்ப் படிகின்றன.
* கதிர் பட்ட இடத்தில் நிணநீர் ஓட்டமும், நோய் எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் செல்களின் சமநிலையும் மாறிப்போகின்றன. அந்தப் பகுதி மட்டும் தனி வட்டாரம்போல ஆகிவிடுகிறது.

அதனால்தான் பலருக்கு நோய் கதிர் பட்ட கட்டத்துக்குள்ளேயே தொடங்குகிறது. அங்கேயே நின்றுவிடலாம். கை, வயிறு, தொடை என்று பரவவும் செய்யலாம்.

மார்பகத்தில் ஏன் அதிகம் என்பதற்கு ஒரு எளிய காரணமும் இருக்கிறது. கதிர்வீச்சு எடுப்பவர்களில் மார்பகப் புற்றுநோயாளிகள் மிக அதிகம். இந்தியாவில் மட்டும் 2022-ல் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்ப் பதிவேடான குளோபோகான் மதிப்பிடுகிறது. எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது, அரிதான பக்கவிளைவும் யாரோ ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டத்தான் செய்யும்.

சர்க்கரை மாத்திரையையும் பாருங்கள்

இது நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். ‘கிளிப்டின்’ என்று பெயர் முடியும் சர்க்கரை நோய் மாத்திரைகளுக்கும் பெம்பிகாய்டுக்கும் தொடர்பு இருப்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. குறிப்பாக வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின். மார்பகப் புற்றுநோய் வந்த 60 வயது அம்மாவுக்குச் சர்க்கரையும் இருப்பது நம் குடும்பங்களில் சர்வ சாதாரணம். கொப்புளம் வந்தால் கதிர்வீச்சு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பி.டி.1 தடுப்பான் வகையைச் சேர்ந்த இம்யூனோதெரபி மருந்துகளும் இதே நோயைத் தூண்டலாம்.

அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போங்கள். அது போதும். மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

* புண் நன்றாக ஆறிய பிறகு, அதே இடத்தில் புதிதாகக் கொப்புளம் வந்தால்.
* சிகிச்சை முடிந்து பல வாரங்கள் ஆகியும் ஆறாமல் புதிது புதிதாகக் கிளம்பினால்.
* கதிர் படாத இடத்திலும் கொப்புளம் தெரிந்தால்.
* தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு அரிப்பு இருந்தால்.
* வாய், கண், பிறப்புறுப்பில் புண் சேர்ந்து வந்தால்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. காய்ச்சல், சீழ், வேகமாகப் பரவும் சிவப்பு இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

‘அக்கி’ என்ற சந்தேகத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கீமோ எடுத்தவர்களுக்கு அக்கி வர வாய்ப்பு அதிகம்தான். ஆனால் அக்கி ஒரு வைரஸ் நோய். அதற்கான மாத்திரையைச் சீக்கிரம், முடிந்தால் முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எனவே அது அக்கியாகவே இருந்தாலும் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான். அதேபோல் புற்றுநோய் தோலில் திரும்ப வந்திருக்கிறதா என்பதையும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். பார்த்துச் சொன்னால்தான் நோயாளிக்கும் தூக்கம் வரும்.

எப்படி உறுதி செய்வார்கள்?

கண்ணால் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. பயாப்ஸி வேண்டும். பென்சில் முனை அளவுக்கு இரண்டு சின்னத் துண்டுகள் எடுப்பார்கள். ஒன்று கொப்புளத்தின் ஓரத்திலிருந்து. அது ஃபார்மலினில் போட்டு வழக்கமான நுண்ணோக்கிப் பரிசோதனைக்குப் போகும்.

இன்னொன்று கொப்புளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தோலிலிருந்து. இது ‘டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ்’ சோதனைக்கு. ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது, பெம்பிகாய்டு என்றால் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே பச்சைக் கோடு போட்டதுபோல மின்னும். பெம்பிகஸ் என்றால் செல்களைச் சுற்றி மீன்வலைபோலத் தெரியும். இந்த ஒரு படம்தான் ‘ரேடியேஷன் புண்ணா, ஆட்டோஇம்யூனா’ என்ற வழக்கில் முக்கியச் சாட்சி.

இங்கேதான் ஒரு சின்னக் கவனக்குறைவு எல்லாவற்றையும் கெடுக்கும். இந்த இரண்டாவது துண்டை ஃபார்மலினில் போடக் கூடாது. போட்டால் சோதனை வீண். அதற்கென்று தனித் திரவம் இருக்கிறது. இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. பக்கத்து ஊர் லேபுக்கு அனுப்புவதாக இருந்தால், “தனி டப்பாவில்தானே அனுப்புறீங்க?” என்று தயங்காமல் கேட்கலாம். ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் எலைசா சோதனையும் உண்டு.

சிகிச்சை இருக்கிறதா?

இருக்கிறது. நோய் ஒரே இடத்தில் இருந்தால், வீரியமான ஸ்டீராய்டு கிரீமே பலருக்குப் போதும். இது ‘சும்மா தடவுற மருந்து’ இல்லை. பிரான்ஸில் 341 பெம்பிகாய்டு நோயாளிகளிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், தீவிர நோய் இருந்தவர்களில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களைவிட குளோபெட்டசோல் கிரீம் தடவியவர்கள் அதிகம் பேர் உயிர் பிழைத்திருந்தார்கள். வயதானவர்களுக்கு மாத்திரை ஸ்டீராய்டின் பக்கவிளைவு எவ்வளவு கனமானது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண, விலை குறைந்த ஆன்டிபயாடிக்கும் பெம்பிகாய்டில் உதவும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு, அது ஸ்டீராய்டு மாத்திரை அளவுக்கு வேகமாக வேலை செய்யாவிட்டாலும் பாதுகாப்பில் மேல் என்று சொன்னது. பரவிய நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் பிற மருந்துகள், ரிட்டுக்ஸிமாப் ஊசி என்று அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018-ல் பெம்பிகஸுக்கு ரிட்டுக்ஸிமாபையும், 2025-ல் பெம்பிகாய்டுக்கு டூபிலுமாபையும் அனுமதித்தது.

பெம்பிகஸ் சிகிச்சையில் இந்தியாவுக்குத் தனி வரலாறே உண்டு. ஒரு காலத்தில் உயிர்க்கொல்லியாக இருந்த இந்த நோய்க்கு, டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ஜே.எஸ். பஸ்ரிச்சாவும் சகாக்களும் 1980-களில் கொண்டுவந்த ‘பல்ஸ் தெரபி’ பல்லாயிரம் பேருக்குக் கைகொடுத்தது. மாதத்தில் மூன்று நாள் மட்டும் அதிக அளவு ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றும் முறை அது. மேல்தோல் உரிந்து ரணமாகக் கிடக்கும் நோயாளிகளை வாழை இலையில் படுக்க வைப்பதையும் நம் ஊர்த் தோல் வார்டுகளில் பார்க்கலாம். துணிபோல ஒட்டிப் பிய்க்காது என்பதுதான் காரணம்.

வீட்டில் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது

* கொப்புளத்தைக் கிள்ளி உடைக்காதீர்கள். பெரிதாக வலித்தால், நர்ஸ் சுத்தமான ஊசியால் நீரை மட்டும் எடுத்துவிட்டு மேல்தோலை அப்படியே விடுவார். அந்தத் தோல்தான் இயற்கையான பிளாஸ்திரி.
* ஒட்டும் பிளாஸ்திரி வேண்டாம். எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.
* மஞ்சள், பற்பசை, எண்ணெய், காவிக்கல் எதையும் பூசாதீர்கள்.
* மெடிக்கல் ஷாப்பில் “கொப்புளத்துக்கு ஒரு கிரீம் குடுங்க” என்று கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து எல்லாம் கலந்த டியூப் கொஞ்ச நாள் நோயை மறைக்கும், பயாப்ஸியைக் குழப்பும்.
* ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் டாக்டர் சொல்லாமல் திடீரென நிறுத்தக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு மூன்றையும் கவனிக்க வேண்டும்.
* தளர்வான பருத்தி உடை. இறுக்கமான உள்ளாடை கொஞ்ச நாள் வேண்டாம்.

இன்னொன்று: இது தொற்றாது. தட்டு, டம்ளர், படுக்கையைத் தனியாக வைக்கத் தேவையில்லை. பேரனையும் பேத்தியையும் தூக்கிக் கொஞ்சலாம். அக்கி, அம்மை இல்லை என்று டாக்டர் உறுதிசெய்த பிறகும் ‘எதுக்கும் தள்ளியே இருக்கட்டும்’ என்று நடத்துவது, ஏற்கெனவே புற்றுநோயோடு போராடி வந்தவருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, அப்போ ரேடியேஷனே வேண்டாமா?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது அப்படி முடிவெடுத்தால் அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. மார்பகத்தை முழுதாக அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்த 10,801 பெண்களின் தகவல்களைத் தொகுத்து 2011-ல் வெளியான ஆய்வு சொல்வது இது: கதிர்வீச்சு எடுக்காதவர்களில் 10 ஆண்டுகளுக்குள் 35 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. எடுத்தவர்களில் அது 19.3 சதவீதம். 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த மரணம் 25.2 சதவீதத்திலிருந்து 21.4 ஆகக் குறைந்தது.

ஒரு பக்கம் இவ்வளவு பெரிய பலன். இன்னொரு பக்கம் உலக மருத்துவ இதழ்களைத் துழாவினாலும் சில பத்துகளைத் தாண்டாத பக்கவிளைவு. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமே இல்லை. முன்பே பெம்பிகஸோ பெம்பிகாய்டோ இருப்பவர்கள் மட்டும், கதிர்வீச்சு தொடங்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொன்னால் தோல் மருத்துவரோடு பேசித் திட்டமிடுவார்கள்.

மாற வேண்டியது எது?

நோய் அரிது என்பதால் யாரையும் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் தாமதம் எங்கே நடக்கிறது என்று பார்த்தால், அது இரண்டு ஓ.பி.களுக்கு நடுவே நடக்கிறது. கதிர்வீச்சுத் துறை ‘எங்க வேலை முடிஞ்சுது’ என்கிறது. தோல் துறைக்கு இந்த நோயாளி வருவதே இல்லை. வந்தாலும் ‘கேன்சர் டாக்டர்கிட்டயே காட்டுங்க’ என்று திருப்பி அனுப்பப்படும் அபாயம் இருக்கிறது. நடுவில் அலைவது, ரவிக்கையை விலக்கிக் காட்டவே கூச்சப்படும் ஒரு பெண்.

இதற்குக் கோடிகளில் திட்டம் தேவையில்லை. ரேடியேஷன் முடியும் கடைசி நாளில் தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுக்கலாம்: புண் எத்தனை வாரத்தில் ஆற வேண்டும், எது வந்தால் திரும்ப வர வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஆறாத கொப்புளம் என்றால் நேரே தோல் துறைக்குச் சீட்டு எழுதித் தரும் பழக்கம் வேண்டும். புற்றுநோய் மையங்களில் வாரத்தில் ஒரு நாளாவது தோல் மருத்துவர் ஒருவர், முடிந்தால் பெண் மருத்துவர், இருந்தால் இந்த இடைவெளி பெருமளவு அடைபடும்.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. வேலைக்காகச் சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அம்மாவிடம் தினமும் “எப்படிம்மா இருக்க?” என்று போனில் கேட்பவர்கள் நிறையப் பேர். பதில் எப்போதும் “ஒண்ணும் இல்லப்பா, நல்லா இருக்கேன்” என்பதுதான். வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும். மார்பில் இருக்கும் கொப்புளம் தெரியாது. மகனிடம் அவர் சொல்லவும் மாட்டார். அக்காவோ சித்தியோ யாராவது ஒருவர் உடன் இருந்து பார்க்க வேண்டும். அம்மா சம்மதித்தால் தேதியோடு போட்டோ எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். எப்போது ஆறியது, எப்போது திரும்ப வந்தது என்ற அந்த வரிசையே பாதி நோயறிதல்.

அடுத்த முறை பேசும்போது, ‘எப்படி இருக்க’ என்பதோடு நிறுத்தாமல், “ரேடியேஷன் குடுத்த இடத்துல அரிப்போ கொப்புளமோ இருக்காம்மா?” என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.